ரஜ நாளில் அரைத்த மாவு

குந்தலா பெஹெராவுக்கு வயது நாற்பத்திரண்டு. கேந்திரபாடாவுக்குக் கிழக்கே, கடல் காற்று உப்புக் கரிக்கிற ஒரு ஊரில் பதினெட்டு வருஷமாக அங்கன்வாடி ஊழியர். மாதம் ஒரு தடவை குழந்தைகளைத் துணித்தூளியில் தொங்கவிட்டு எடை பார்ப்பாள். முள் ஏறாமல் நின்றால் அந்தப் பிள்ளையின் தாயைப் பிடித்து ஒரு பிடி பிடித்துவிடுவாள். "உன் வீட்டு ஆட்டுக்குட்டி இதைவிடக் கனமா இருக்கும்டி. மத்தியானம் பிள்ளைக்கு என்ன கொடுத்தே, சொல்லு?" ஊரில் தாய்மார்களுக்கு அவளைக் கண்டால் பயம், பிரியம் இரண்டும் உண்டு.

அப்படிப்பட்டவளைக் கட்டாக்கில் ஒரு ஆஸ்பத்திரியின் எடை மெஷின் மேல் ஏற்றி நிறுத்தினார்கள். எழுபத்தாறு காட்டியது.

"உங்க கிட்னி நல்லா இருக்கு. வீட்டுக்காரருக்கு ரத்தமும் சேருது," என்றாள் டாக்டரம்மா. சின்ன வயசு, ஆனால் வழவழா பேச்சு கிடையாது. "ஆனா இந்த எடையில உங்க உடம்புல கத்தி வைக்க மாட்டேன். சர்க்கரை வேற விளிம்புல நிக்குது. அறுபத்தெட்டுக்கு வாங்க. மூணு மாசம் தரேன். ரஜ பண்டிகை முடிஞ்ச மறுநாள் வந்து எல்லா டெஸ்டும் எடுத்துக்கலாம்."

எட்டுக் கிலோ. அவ்வளவுதான் கேட்டார்கள். குந்தலாவின் புருஷன் துருபா மின்வாரியத்தில் லைன்மேன். புயல் அடித்தால் எல்லாரும் வீட்டுக்குள் ஓடும்போது வெளியே ஓடுகிற மனுஷன். அவனுடைய இரண்டு கிட்னியும் ஒன்றரை வருஷமாகச் செத்துக் கிடந்தன. அண்ணனுக்குச் சர்க்கரை, தாய் தகப்பன் இல்லை, பிள்ளையும் இல்லை. கொடுப்பதற்கு உலகத்தில் இருந்தது குந்தலா ஒருத்திதான்.

வாரம் மூன்று தடவை டயாலிசிஸுக்கு ஊரிலிருந்து வந்து போக முடியாது என்பதால் இருவரும் மூன்று மாதத்துக்கென்று அவளுடைய பெற்றோர் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். கட்டாக்குக்கு எதிரே மகாநதிக்கு அக்கரையில், சௌத்வாரில், மூடிக் கிடக்கிற நூற்பாலைக்குப் பின்னால் வீடு. அப்பா பைதர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர். அம்மா நிசாமணிக்குச் சமையலறைதான் ராஜ்யம். கல்யாணமான பெண் பிறந்த வீட்டுக்கு வந்தால் அவளுக்கு ஊட்டி அனுப்பாத தாய் தாயே இல்லை என்று நினைக்கிற பரம்பரை.

ஒன்று சொல்லிவிட வேண்டும். நிசாமணிக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் மாலதி பதினோரு வருஷத்துக்கு முன்பு சின்ன ஆபரேஷன் என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். வெள்ளைத் துணி போர்த்தி வெளியே கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு நிசாமணி ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதில்லை. சின்ன மகள் புருஷனுக்குக் கிட்னி தரப்போகிறாள் என்று சொன்ன அன்று அவள் அழவில்லை, கத்தவில்லை. கேட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து போய் அரிசி களைந்தாள். அதைப் பார்த்து, அம்மா தேறிவிட்டாள் என்று குந்தலா நினைத்தாள். நினைப்புதானே!

முதல் நாளே தொடங்கிவிட்டது. நெய் மணக்கிற பொங்கலாட்டம் கீச்சடி, பால் சுண்டக் காய்ச்சிய கீரி என்கிற பாயசம், தேங்காய்ப் பூரணம் வைத்துப் பொரித்த காக்கரா. தட்டில் அம்மா வைப்பாள், குந்தலா எடுத்து அப்பா தட்டில் வைப்பாள். அம்மாவைப் போவு என்றுதான் கூப்பிடுவாள்.

"போவு, வேணாம்னா விடேன். எத்தனை தடவை சொல்றது?"

"ஒரே ஒண்ணு. ஒரு காக்கராவுல என்ன எடை ஏறிடப் போகுது? பூசணிக்காயா இது?"

"நீ ஒண்ணுல நிறுத்தறவளா? உன்னை எனக்குத் தெரியாதா?"

"ஆமாம்மா, நான் கெட்டவ. பெத்த பொண்ணு வாயில ஒரு துண்டு வைக்கிறது இப்ப குத்தமாப் போச்சு."

துருபா பக்கத்தில் உப்பில்லாத சோற்றைப் பிசைந்துகொண்டு சிரிப்பான். அவனுக்கு ஒரு நாளைக்கு நான்கு டம்ளர் தண்ணீர்தான். உருளைக்கிழங்கு கூடாது, வாழைப்பழம் கூடாது, உப்பு கூடாது. "நல்ல ஜோடி நாம. விருந்து வீட்டுல உட்கார்ந்து வேடிக்கை பார்க்கறதுக்குன்னே கல்யாணம் பண்ணிக்கிட்டோம்," என்பான்.

மருமகனின் பத்தியத்தில் மட்டும் நிசாமணி கைபிசகியதே கிடையாது. காய்களை நறுக்கி இரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைப்பாள். தண்ணீர் டம்ளரைச் சுவரில் கரியால் கோடு போட்டு எண்ணுவாள். மருமகன் பசியோடு எழுந்த நாளில் அவளும் சரியாகச் சாப்பிட மாட்டாள். அவன்மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது எளிதாக இருந்திருக்கும்.

குந்தலா வாயைக் கட்டினாள். மூலையில் ஒரு எடை மெஷினை வாங்கி வைத்துக்கொண்டு, தனக்கென்று ஒரு சின்னச் சட்டியில் காய் வேகவைத்தாள். காலையில் ஆற்றுப் பாலம் வரை நடந்தாள். டயாலிசிஸ் நாட்களில் துருபாவை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே காத்திருக்கும் நான்கு மணி நேரமும் எதிரே தயிர்வடைக்காரன் நிற்பான். கட்டாக் தயிர்வடை! மிதக்கிற வடைமேல் உருளைக்குழம்பை ஊற்றி, வெங்காயம் தூவி, இலைத் தொன்னையில் நீட்டுவான். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் வரிசையில் நின்று தின்பார்கள். குந்தலாவுக்கு வாயில் எச்சில் ஊறும், வெட்கமாகவும் இருக்கும். உள்ளே ஒருவன் ரத்தத்தை வெளியே விட்டுக் கழுவிக்கொண்டிருக்க, வடைக்கு நாக்கு அலைகிறதே, சீ என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு முதுகைத் திருப்பி உட்காருவாள்.

ஒன்றரை மாதத்தில் எழுபத்தொன்று. துருபாவே மெஷின் அருகில் குனிந்து பார்த்துவிட்டு, "அடேயப்பா, கல்யாணத்தப்போ இருந்த பொண்ணு திரும்பி வரா போல," என்றான். இன்னும் மூன்று கிலோதான்.

அந்தச் சமயத்தில் அம்மா இறங்கி வந்தாள். "தினமும் உன்கூட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்ல," என்றாள். "மயக்கம் போட்டு விழுந்துடாதே. காலையில, சாயங்காலம் ரெண்டு வேளை வறுத்த கடலை மாவு கரைச்சுத் தரேன். சர்க்கரை வேணாம், பால் வேணாம். அதையாவது குடி."

சத்துமாவு அங்கன்வாடிக்காரிக்குத் தெரியாததா? குந்தலாவே பொட்டுக்கடலையும் பார்லியும் வாங்கிக் கொடுத்தாள். அம்மா அரைத்து டப்பாவில் போட்டாள். வெந்நீரில் கரைத்து, சிட்டிகை உப்புப் போட்டு நீட்டினாள். பட்டினி கிடந்த நாக்குக்கு அது அமிர்தமாக இருந்தது. அந்த டம்ளரை வாங்கும்போது குந்தலாவுக்குக் கண் கலங்கிவிடும். வந்ததிலிருந்து அம்மா தன் பக்கம் நின்று செய்த ஒரே காரியம் அது என்று நினைத்தாள். "உன் கை பட்டா வெறும் மாவுகூட ருசிக்குது போவு," என்று ஒரு நாள் சொல்லியும் விட்டாள். அம்மா டம்ளரைக் கழுவப் போனாள்.

அன்று முதல் எடை நின்றுபோனது. எழுபத்தொன்று. அடுத்த வாரமும் எழுபத்தொன்று. அதற்கடுத்த வாரம் எழுபத்தொன்றரை. குந்தலா ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நடந்தாள். ரொட்டியை விட்டாள். காயைப் பாதியாக்கினாள். ஐந்து வாரம் ஒரே இடத்தில் நின்றது. எழுந்தால் கண் இருட்டியது. தூக்கத்தில் எழுந்து தின்கிறேனோ என்றுகூட அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பாவி மகள், தன்னைத்தான் சந்தேகப்பட்டாள்.

"என் உடம்பு என்னை ஏமாத்துதுங்க," என்று துருபாவிடம் அழுதாள். "உங்களுக்குக் கொடுக்க அதுக்கு மனசில்ல போல."

"உளறாதே. விட்டுடலாம் குந்தி. எத்தனையோ பேரு டயாலிசிஸ்லயே வருஷக்கணக்கா ஓட்டறாங்க." சொல்லும்போது அவன் கை வீங்கிப் பளபளத்துக்கொண்டிருந்தது.

கடைசி இரண்டு வாரம் ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்தினாள். அந்த மாவுத் தண்ணீர் மட்டும்தான். ரஜவுக்கு முந்தின நாள் மெஷின் அறுபத்தொன்பது புள்ளி இரண்டு காட்டியது. ஒரே ஒரு கிலோ சொச்சம்! துருபாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் அவள் தலையைத் தடவிக் கொடுத்தான். சமையலறை வாசலில் நின்று அம்மாவும் எட்டி அந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் போனாள்.

ரஜ வந்தது. மூன்று நாள் பூமித்தாய் மாதவிலக்காகி ஓய்வெடுக்கிறாள். ஏர் பூட்டக் கூடாது, மண்ணை வெட்டக் கூடாது, அரிவாள்மணையில் உட்காரக் கூடாது, எதையும் இடிக்கவோ அரைக்கவோ கூடாது. பெண்கள் வெறுங்காலால் மண்ணை மிதிக்கவும் கூடாது. பிறந்த வீட்டுக்கு வந்த பெண் புதுப்புடவை கட்டி, மருதாணி வைத்து, ஊஞ்சல் ஆடிக்கொண்டு, கொடுத்ததைத் தின்றால் போதும். அம்மிக்கல்தான் பூமித்தாய். அதை முந்தின நாளே கழுவிச் சாய்த்து வைத்துவிட வேண்டும். நாலாம் நாள் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டிக் கும்பிட்ட பிறகுதான் திரும்ப அதில் கை வைக்கலாம். இதில் நிசாமணியைப் போலக் கறார் அந்தத் தெருவில் யாரும் இல்லை. ஒரு வருஷம் பக்கத்து வீட்டு மருமகள் மறந்துபோய் இஞ்சி நசுக்கியதற்கு ஒரு மாதம் அவளோடு பேசாதவள்.

அரிசி உளுந்து மாவில் செய்யும் ரஜப் பலகாரமான போட பிட்டாவை முந்தின நாளே கணப்பில் வைத்துச் சுட்டாகிவிட்டது. வாழையிலையைப் பிரித்தபோது வெல்லமும் தேங்காயும் ஏலக்காயும் நெய்யும் கருகிய மணம் தெருக்கோடி வரை போனது. வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற மணம். கறுத்த மேல்தோலோடு இருக்கிற ஓரத்துண்டுக்காக அக்காவும் தங்கையும் சின்ன வயசில் மயிரைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறார்கள். அம்மா அந்த ஓரத்துண்டைத்தான் வெட்டி நீட்டினாள்.

"ரஜ அன்னைக்கு வேணாம்னு சொல்லாதே. வீட்டுக்கு ஆகாது."

"நாலு நாள் கழிச்சு இந்தப் பிட்டா பூராவையும் நானே திங்கறேன் போவு. சத்தியமா. இப்ப கேக்காதே." கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னாள். மூச்சை அடக்கிக்கொண்டும் சொன்னாள். இழுத்தால் மணம் உள்ளே போய்விடும்.

"உங்கக்கா இருந்தா இப்படிச் சொல்வாளா?"

"அக்கா பேச்சை எடுக்காதே."

இரண்டாம் நாள் காலை. மாமரத்து ஊஞ்சலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் குந்தலாவைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். தெருவே விடுமுறையில் கிடந்தது. உலக்கைச் சத்தம் இல்லை, அம்மிச் சத்தம் இல்லை, எந்த வீட்டிலும் மிக்சிகூட ஓடவில்லை. சீட்டாடுகிற ஆண்களின் குரல் மட்டும் ஆலைச் சுவரோரம் கேட்டது.

அந்த அமைதியில்தான் அது கேட்டது. கர், கர் என்று கல்லோடு கல் உரசுகிற சத்தம். ஊஞ்சல் பெண்களும் காதைத் தீட்டினார்கள். "யாரு வீட்டுலடி இது, ரஜ அன்னைக்கு?" என்று ஒருத்தி வாயைப் பொத்தினாள். சத்தம் குந்தலா வீட்டுப் பின்கட்டிலிருந்து வந்தது.

அப்பாதான் ஏதோ தெரியாமல் செய்கிறார் என்று நினைத்துச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். அப்பா இல்லை. கதவைச் சாத்திவிட்டு அம்மா அம்மிமுன் குந்தியிருந்தாள். அம்மியில் முந்திரியும் வேர்க்கடலையும் நெய்யில் வறுத்துப் பளபளவென்று கிடந்தன. பக்கத்தில் மாவு டப்பா திறந்திருந்தது. அரைத்த விழுதை அள்ளி அம்மா கடலைமாவோடு விரலால் பிசறிக்கொண்டிருந்தாள்.

குந்தலாவுக்கு முதலில் புரியவில்லை. ரஜ அன்றைக்கு அம்மா அம்மியைத் தொட்டுவிட்டாளே என்பதுதான் முதலில் உறைத்தது. பிறகு டப்பாவைப் பார்த்தாள். குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். ஏழு வாரமாகக் குடித்த அதே ருசி.

"போவு."

நிசாமணி நிமிரவில்லை.

"எத்தனை நாளா?"

"நீ துரும்பாப் போறது எனக்குப் பொறுக்கல."

"பொய் சொல்லாதே. துரும்பாப் போறேன்னு மட்டும் இல்ல. எத்தனை நாளா?"

"முதல் நாள்லேருந்து." அம்மாவின் குரல் சட்டென்று உயர்ந்தது. "ஆமாடி, போட்டேன். முந்தாநேத்து அந்த மெஷின்ல நம்பரைப் பார்த்தேன். கலந்து வெச்சது தீர்ந்து போச்சு. கடையில அரைச்சு வாங்கினா கண்டுபிடிச்சுடுவே. என்ன செய்யச் சொல்றே? ஒருத்தியைக் கொடுத்துட்டு உட்கார்ந்திருக்கேன். மிச்சம் இருக்கற ஒண்ணையும் படுக்கவெச்சு அறுக்கச் சொல்றியா? பூமித்தாய் என்னைத் தண்டிச்சா தண்டிக்கட்டும், நான் அரைப்பேன்."

"அவர் செத்துப் போயிடுவாரு போவு!"

"அவரு நல்லா இருக்கணும்னுதான் நானும் தினமும் வேண்டறேன்." இதைச் சொல்லும்போது நிசாமணி உண்மையைத்தான் சொன்னாள். "உன் உடம்பைத் தொடாம அவர் நல்லா இருக்கணும்."

குந்தலா டப்பாவைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். மாவு பறந்து அம்மாவின் தலைமயிரில் படிந்தது. இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றார்கள். வெளியே ஊஞ்சல் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு கலைந்து போனார்கள். துருபாவிடம் ஒன்றும் சொல்லக் கூடாது என்று குந்தலா அப்போதே முடிவு செய்தாள். சொன்னால் அந்த வீட்டில் ஒரு வாய்ச் சோறு அவனுக்கு இறங்குமா?

அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டில் எதையும் நம்பவில்லை. ரஜ என்பதால் பெண்ணுக்கு அடுப்பைத் தொட அனுமதி இல்லாத நாட்கள். அனுமதி கேட்கவும் அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டு நாளும் வெறும் வயிறு. கடைசி நாள் தண்ணீரையும் குறைத்துவிட்டாள், தண்ணீரும் எடைதானே. ஜூன் மாத வெயிலில் பாலம் வரை இரண்டு நடை நடந்தாள். பதினெட்டு வருஷம் ஊருக்கெல்லாம் சத்துணவுப் பாடம் எடுத்தவள் செய்த முட்டாள்தனம் அது. கோபம் கண்ணை மறைத்துவிட்டது.

ஆஸ்பத்திரி மெஷின் அறுபத்தேழு புள்ளி எட்டு காட்டியது. துருபா சின்னப் பையனைப் போல அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். சாயங்காலம் டாக்டரம்மா ரத்த ரிப்போர்ட்டை மேசைமேல் வைத்தாள்.

"எத்தனை நாளா சாப்பிடல?"

"சாப்பிட்டேன் டாக்டர்."

"உங்க கிட்னி நம்பர் ஏறியிருக்கு. தண்ணிகூடக் குடிக்காம வந்திருக்கீங்க. இதை வெச்சு நான் கமிட்டியில என்ன சொல்றது? கொடுக்கப் போறவங்களே இப்படி இருந்தா?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "ஒழுங்கா சாப்பிட்டு, மெதுவா இறக்கி, ஆகஸ்ட் பதினஞ்சுக்கு அப்புறம் வாங்க. ரெண்டு மாசம்தானே. அதுவரைக்கும் இவரைப் பார்த்துக்கலாம்."

மே மாதமே முடிந்திருக்க வேண்டிய எட்டுக் கிலோ. ஆட்டோவில் திரும்பும்போது குந்தலா மனசுக்குள் வாரங்களை எண்ணினாள். ஐந்து வாரம். துருபா அவள் கையைத் தட்டிக் கொடுத்து, "ரெண்டு மாசம்தானே குந்தி," என்று டாக்டரம்மாவைப் போலவே சொன்னான்.

அன்றே பையைக் கட்டினாள். டயாலிசிஸ் இடத்துக்குப் பின்னால் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்துப் புருஷனோடு போய்விட்டாள். அம்மா வாசலில் நின்று அழுதாள். குந்தலா திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அறையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் காய் வேகவைத்துத் தின்றாள், வேளைக்குத் தண்ணீர் குடித்தாள், எடை ஒழுங்காக இறங்கியது. ஜூலை இருபதாம் தேதி அறுபத்தேழு.

இருபத்தாறாம் தேதி, விடாத மழையில், துருபாவுக்குக் குளிர் ஜுரம் வந்தது. டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்டிருந்த குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் இறங்கிவிட்டது என்றார்கள். இரண்டு நாள் போராடினான். மூன்றாம் நாள் விடிந்தபோது அவன் இல்லை.

காரியமெல்லாம் அவன் ஊரில், அண்ணன் வீட்டில் நடந்தது. பன்னிரண்டு நாள் முடிந்து, தீட்டுக் கழிந்ததற்கு அடையாளமாகச் சொந்தக்காரர்கள் மீன் தொட்டுச் சாப்பிட்டுக் கலைந்தார்கள். அண்ணன் வீட்டில் அவளுக்கு யாரும் போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார். வேறு எங்கே போவாள்? சௌத்வாருக்கே திரும்பினாள். வெறும் கையும் வெறும் நெற்றியுமாக உள்ளே வந்த மகளைப் பார்த்து நிசாமணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

நாலாம் நாள் மத்தியானம். மழைக்காலத்து இலிஷ் மீன் மலிந்திருந்ததால் அப்பா ஒன்று வாங்கி வந்திருந்தார். கடுகு அரைத்து ஊற்றி அம்மா குழம்பு வைத்தாள். மகளுக்குத் தனியாக இன்னொரு அடுப்பில், வெங்காயம் பூண்டு இல்லாமல் பருப்பும் கீரையும். விதவைக்கு மீன் கிடையாது. யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

குந்தலா தட்டைப் பார்த்தாள்.

"போவு, மீன் போடு."

நிசாமணிக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகம். "என்னம்மா?"

"மீன். குழம்புல இருக்கே, அது. ஒரு துண்டு போடு."

"அது கூடாதும்மா." அம்மா வாசல் பக்கம் பார்த்தாள். "பக்கத்து வீட்டுக்காரங்க... உன் மச்சாண்டார் காதுக்குப் போனா... அவரு ஆத்மாவுக்கே ஆகாது."

"நான் வேணாம்னப்ப எல்லாம் போட்டே. கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னேன், அப்பவும் கொண்டு வந்தே. தெரியாம மாவுல போட்டே. பூமித்தாய்மேல அரைச்சுப் போட்டே. இப்ப நான் கேக்கறேன். முதல் தடவையா வாயைத் திறந்து கேக்கறேன். போடு."

அப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டார். "போடேன் நிசா," என்றார் மெதுவாக.

நிசாமணி கரண்டியை எடுத்தாள். சட்டிக்குள் விட்டாள். ஒரு துண்டைத் தூக்கினாள். குழம்பு சொட்டச் சொட்டக் கரண்டி மகளின் தட்டு வரை வந்தது. அதற்கு மேல் அவள் கை போகவில்லை. துண்டு திரும்பச் சட்டிக்குள் விழுந்தது. "வேற எது வேணாலும் கேளும்மா," என்றாள்.

"வேற எதுவும் வேணாம்," என்றாள் குந்தலா.

பருப்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தாள். பசி இருந்தது. ஒரு பருக்கை விடாமல் முழுத் தட்டையும் சாப்பிட்டு முடித்தாள். நிசாமணி பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்கவும் வாய் வராமல், மகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.